முன்பணம் கேட்டால் அது கடனே இல்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கிறார். மாதம் 12,000 வரும், வேலை இல்லாத மாதம் குறையும். இவர் ஒரு துணிக்கடையில் 11,000 சம்பளத்துக்குப் போகிறார். மொட்டைமாடித் தளம் ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்கு முன் சரி செய்ய ஒன்றரை லட்சம் வேண்டும். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் "சிபில் சரியில்லை", அதாவது பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண் (ஸ்கோர்) குறைவு, என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஐந்து ரோடு பக்கம் அலுவலகம் வைத்திருப்பதாகச் சொல்லும் ஒருவர், ஸ்கோர் பார்க்காமல் மூன்று நாளில் கடன் வாங்கித் தருகிறேன், 7,500 ரூபாயும் கையெழுத்துப் போட்ட இரண்டு வெற்றுக் காசோலையும் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? வீட்டில் இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறது, ஆனால் அடகு வைக்க மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

கொடுக்காதீர்கள் அம்மா. பணமும் வேண்டாம், காசோலையும் வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

அவர் கொடுத்ததாக நீங்கள் அனுப்பிய அந்த 'சேங்ஷன் லெட்டர்', அதாவது கடன் அனுமதிக் கடிதத்தின் படத்தைப் பார்த்தேன். வங்கியின் சின்னம் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கிறது. கடன் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் ஆதாரின் கடைசி நான்கு இலக்கம். மேலாளர் கையெழுத்துக்குக் கீழே கிளையின் பெயரே இல்லை. பணம் கட்ட வேண்டியது ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. எந்த வங்கியும் தன் கட்டணத்தை யாரோ ஒருவரின் செல்போன் எண்ணுக்கு அனுப்பச் சொல்லாது. நிஜமான தனிநபர் கடனிலும் பரிசீலனைக் கட்டணம் உண்டு, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் உண்டு. ஆனால் அதைக் கடன் தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியை உங்கள் கணக்கில் போடுவார்கள். கடன் வருவதற்கு முன்னால் உங்கள் கையிலிருந்து பணம் போகிறது என்றால், அவர் சம்பாதிப்பதே அந்தப் பணத்தைத்தான். முதலில் 7,500 என்பார். அப்புறம் 'இன்சூரன்ஸ்' 4,000, அப்புறம் 'ஃபைல் ஹோல்டில் இருக்கிறது' என்று இன்னும் கொஞ்சம். கொடுத்ததை விட மனமில்லாமல் மேலும் கொடுத்துக்கொண்டே போவோம். அவர் நம்பியிருப்பது அதைத்தான்.

பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி மின்கம்பத்துக்கு மின்கம்பம் 'சிபில் பிரச்சினையா? உடனடி லோன்' என்று ஒட்டியிருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்பதும் அதே கூட்டம்தான். கடன் பதிவேட்டில் உண்மையாக இருப்பதை யாராலும் அழிக்க முடியாது. தவறாக இருப்பதை நீங்களே இலவசமாகத் திருத்தலாம்.

கடன் வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த விதிவிலக்கின் பெயரைச் சொல்லித்தான் பாதிப் பேர் ஏமாற்றுகிறார்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களுக்கு ஆள் பிடித்துத் தர முகவர்களை நியமிக்கின்றன. அவர்கள் திருடர்கள் அல்லர், சட்டப்படியான தொழில்தான். ஆனால் அவர்களுக்குக் கமிஷன் கொடுப்பது வங்கி, நீங்கள் அல்ல. ஒரு ரூபாய்கூட உங்களிடம் வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ஆகவே ஒருவர் "நான் பேங்க் ஏஜென்ட்" என்றால், எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அவர் கொடுக்கும் எண்ணுக்குப் போன் செய்யாமல், நேராக அந்தக் கிளைக்கு நடந்து போய், இந்தப் பெயரில் உங்களுக்கு முகவர் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று சொன்னாலும், விண்ணப்பத்தை அந்தக் கிளையிலேயே உட்கார்ந்து நிரப்புங்கள். ஓடிபியை அவரிடம் சொல்லாதீர்கள். உண்மையான முகவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் விஷயம் முடிந்தது, வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சரி, வங்கி ஏன் மறுத்தது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கடனை மறுத்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2003-ல் இரண்டு லட்சம் வரையிலான சிறு கடன்களுக்கு வந்தது, 2007-ல் எல்லாக் கடனுக்கும் விரித்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் கவுன்டரில் "சிபில் இல்லைங்க" என்ற இரண்டு வார்த்தையோடு அனுப்பிவிடுகிறார்கள். காரணம் தெரியாமல் வெளியே வருகிற ஆள்தான் நேராக மின்கம்ப நோட்டீஸில் போய் விழுகிறார். ஒரு வெள்ளைத்தாளில் "என் கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்தில் தரவும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. விவரத்துக்கு 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

கூடவே உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பதிவு செய்து வைக்கும் நான்கு நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். இணையத்தில் தேடினால் மேலே வருவது காசு கேட்கும் விளம்பரம். கீழே இறங்கி, அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். உங்கள் விஷயத்தில் என்ன இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. மூன்று வருடத்துக்கு முன் பிரிட்ஜ் தவணையை, பாக்கியில் பாதியைக் கட்டி 'செட்டில்மென்ட்' செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். வசூலுக்கு வந்தவர் "அதோடு முடிந்தது" என்றிருப்பார். முடியவில்லை. அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் நிற்கும். கடன் கொடுத்தவர் பாக்கியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும். மீதத் தொகையைக் கட்டி, 'பாக்கி இல்லை' சான்று வாங்கினால் 'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்லலாம். நீங்கள் புகார் கொடுத்து 30 நாளில் திருத்தாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அதுவரை வங்கி வங்கியாக விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகி ஸ்கோரை இன்னும் இறக்கும்.

ஆனால் இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகும். மழை காத்திருக்காது. அதனால் அந்தச் சங்கிலி.

மனம் வரவில்லை என்பது புரிகிறது. ஆனாலும் உங்கள் நிலையில் நியாயமான வட்டிக்குக் கிடைக்கக்கூடியது நகைக்கடன்தான். பழைய 'செட்டில்டு' அதற்குப் பெரிய தடையாக இருக்காது. அடகுக் கடைக்கும் விளம்பரம் செய்யும் நிறுவனங்களுக்கும் போவதற்கு முன், உங்கள் பகுதியின் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ நகரக் கூட்டுறவு வங்கியிலோ கேளுங்கள். உறுப்பினராகச் சேரச் சொல்வார்கள், அதற்குச் சின்னத் தொகைதான். கல், அரக்கு கழித்த நிகர எடையும் காரட்டும் ரசீதில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். கடனை முடித்தபின் நகையைத் திருப்பித் தரத் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025-ல் விதி போட்டிருக்கிறது. முழுத் தொகையும் இதில் வராமல் போகலாம். மீதிக்கு எல்ஐசி பாலிசி இருந்தால் அதன் மேல் கடன் உண்டு. தபால் நிலையத்தில் தொடர் வைப்பு ஒரு வருடம் கட்டியிருந்தால், கட்டியதில் பாதி வரை கடனாக எடுக்கலாம். இரண்டுக்கும் யாரும் ஸ்கோர் கேட்பதில்லை.

குழுக் கடன், அதாவது தெருவில் பத்துப் பெண்களைக் கூட்டி வாரா வாரம் வசூலிப்பது. ஏற்காட்டு எஸ்டேட் குடியிருப்பு வரை இது வந்துவிட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஈடில்லாமல் தருவது. நீங்கள் இருவருமாகச் சம்பாதிப்பது 2,76,000, ஆகவே உங்களைத் தேடி வருவார்கள். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. உங்களுக்கு அது 11,500. ஆனால் அவ்வளவு கட்டினால் நீங்கள் எதைச் சாப்பிடுவது என்று விதி கேட்பதில்லை. வட்டியும் நகைக்கடனை விட அதிகம். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும்.

வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. "ரெண்டு ரூபா வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு, வருடத்துக்கு 24 சதவீதம். "12 சதவீதம்தான், பிளாட்" என்றால், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி என்றால், ஏமாற வேண்டாம். ஒரு லட்சத்தை 24 மாதத்தில் அந்தக் கணக்கில் கட்டினால் 1,24,000 கட்டுவீர்கள். அசல் மாதா மாதம் குறைவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஏறத்தாழ 21.6 சதவீதம். தண்டல் இன்னும் மோசம்: 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நூறு நாள் நூறு நூறாக வாங்குவார்கள். வருடக் கணக்கில் அது 120 சதவீதம். மீட்டர் வட்டியும் தண்டலும் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டவை; மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இருக்கிறது. தண்டல் பைக்கும் காலை ஏழு மணிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

வங்கியோ நிதி நிறுவனமோ, எங்கே கையெழுத்துப் போட்டாலும் முக்கிய விவரத் தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் கட்டாயம். உங்களுக்குப் புரியும் மொழியில், கட்டணமெல்லாம் சேர்த்த வருடாந்திர வட்டியைப் போட்டு, கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். தமிழில் இல்லை என்றால் வரும்வரை உட்காருங்கள். கடன் தரும் செல்போன் செயலிகள் பக்கமே போகாதீர்கள்.

அந்த ஐந்து ரோடு ஆளிடம் ஆதார் நகல் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டு மாதம் கழித்து அந்த நான்கில் இன்னொரு நிறுவனத்தின் கடன் அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் ஏதாவது அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நகைக்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும்போது ஆதார், குடும்ப அட்டை, இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நகை மதிப்பீட்டாளர் எப்போது வருவார் என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். இல்லாவிட்டால் கடையில் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.