அப்பாவின் பழைய டிரக்கும் வீட்டுச் சமையலறையும்: எதற்கு முதலில் பணம்?

கேள்வி: எனக்கு 47 வயது. ஊர் திருச்செங்கோடு பக்கம். கைக்கு வரும் சம்பளம் மாதம் 68,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, அவருக்கு 41,000. வீட்டுக்கடன் தவணையும் சேர்த்து மாதச் செலவு 62,000. ஆர்.டி., எஸ்.ஐ.பி. இரண்டுக்கும் 15,000 போகிறது. வங்கியில் 5.5 லட்சம் டெபாசிட் இருக்கிறது. தீபாவளி போனஸ் 60,000 வரும். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அப்பா 1970-ல் பதிவு செய்த மஹிந்திரா எஃப்.சி. 150 பெட்ரோல் டிரக் 18 வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மெக்கானிக் 2.8 லட்சம் சொல்கிறார். டீசல் எஞ்சின் மாற்றினால் இன்னும் குறையுமாம். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா, பர்சனல் லோன் போடலாமா என்று பார்க்கிறேன். நாலு வருடமாகத் தள்ளிப்போட்ட சமையலறை வேலையை (மதிப்பீடு 1.6 லட்சம்) முடிக்காமல் டிரக்கைத் தொடக்கூடாது என்கிறார் மனைவி. வண்டி தயாரானால் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் தேங்காய் ஏற்றி வரலாம், விற்றாலும் நல்ல விலை போகும். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவி சொல்கிற வரிசைதான் சரி. வீட்டில் சண்டை வேண்டாமே என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சமையலறைக்கு 1.6 லட்சம் என்றால் ஏறக்குறைய 1.6 லட்சத்திலேயே முடிந்துவிடும். டிரக்குக்கு 2.8 லட்சம் என்பது வெளியே தெரிகிற சேதத்துக்கு மட்டும் போட்ட கணக்கு.

மெக்கானிக் சொன்ன தொகையில் எஞ்சின், டிங்கர் வேலை, பெயிண்ட், நாலு டயர் ஆகியவை இருக்கும். இந்த நான்கைத்தான் எல்லாரும் கேட்பார்கள், அவரும் சொல்வார். பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வருடம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் நாலு வீல் சிலிண்டரும் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். இரும்புக் குழாய்கள் உள்ளிருந்தே அரித்திருக்கும். அந்தக் காலத்து ஜீப் வகை வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும். அதனால் இதில் பாதியை மாற்றிப் பாதியை விட முடியாது. பிரேக்குக்கு 30,000, ஸ்டீயரிங் பாக்ஸும் கிங் பின் பேரிங்கும் 20,000, ரேடியேட்டரும் பெட்ரோல் டேங்கும் 15,000, வயரிங், டைனமோ, ஸ்டார்ட்டர் மூன்றும் 25,000, கண்ணாடி, பீடிங், சீட் 25,000, காகித வேலையும் இன்சூரன்ஸும் 35,000. மெக்கானிக் சொல்லாமல் விட்டவை மட்டும் 1.5 லட்சம் ஆகிவிட்டது. தகரத்தைப் பிரித்த பிறகு தெரியவரும் துருவுக்கு ஒரு 45,000 வையுங்கள். மொத்தம் 4.75 லட்சம். கூலி ஊருக்கு ஊர் மாறும். ஆனால் நாலரை லட்சத்துக்குக் கீழே திட்டம் போட்டு இறங்காதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் செலவில்லாத இரண்டு சோதனைகள் செய்யலாம். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கேபின் முழுக்க நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகிற இடத்தில் தகரம் இல்லை, பள்ளத்தை அடைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. கதவின் அடி, கால் வைக்கும் தரை, பேட்டரி இருந்த இடம், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள், கேபினைச் சேஸியோடு சேர்க்கும் போல்ட் பகுதி ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். கடைசியாகச் சொன்னது அழுகியிருந்தால் டிங்கர் செலவு இரட்டிப்பாகும். அடுத்தது எஞ்சின். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, துளைக்குள் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு நாள் ஊற விட்டு, கைப்பிடியால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் ஸ்டார்ட்டரை வைத்து வம்புக்குச் சுற்றாதீர்கள், ரிங் உடையும். எஞ்சின் சுற்றினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்தால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்ததும் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, இதற்கு முன் எத்தனை தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போர் அடித்திருக்கிறது, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தியிருக்கிறது என்பதுதான். உங்கள் டிரக்கில் இருக்கும் வில்லிஸ் எஞ்சினின் போர் அளவு (சிலிண்டரின் உள்விட்டம்) மூன்றேகால் அரைக்கால் என்று வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். சரியான அளவு 3.125 அங்குலம். ஓவர்சைஸ் பிஸ்டன் 10, 20, 30, 40 தௌ என்று கிடைக்கும். ஏற்கெனவே 40-க்குப் போயிருந்தால் நாலு சிலிண்டருக்கும் உள்ளே புதுக் குழாய் போல ஸ்லீவ் இறக்க வேண்டும், லேத் கூலி கூடும். இதில் எக்ஸாஸ்ட் வால்வு ஹெட்டில் இல்லை, பிளாக்கில் உட்கார்ந்திருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் வால்வு உட்காரும் பழைய சீட் தேய்ந்து, வால்வு இடைவெளி குறைந்து, வால்வு கருகக்கூடும். எஞ்சின் பிரிந்திருக்கும்போதே கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள், பிறகு போடுவதென்றால் முழு லேபரையும் மறுபடி கொடுக்க வேண்டும். எஃப்.சி.யில் எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே இருப்பதால், சாதா ஜீப் போலப் பானெட்டைக் கழற்றித் தூக்கிவிட முடியாது. ஒவ்வொரு முறையும் கூலி கூடுதல். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமையும் அது ஊறவைத்து உப்ப வைத்துவிடும், தண்ணீரையும் இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

டீசல் எஞ்சின் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. சேஸி, பாடி, எஞ்சின் மூன்றும் அசல் வடிவில் இருந்தால்தான் அதில் சேர முடியும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. எஞ்சினை மாற்றினால் அந்த வாசல் மூடிவிடும். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எரிபொருளையும் எஞ்சின் எண்ணையும் திருத்த அனுமதி வாங்கும் அலைச்சல் தனி. பழைய வண்டி சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பதும் எஞ்சின் எண்ணைத்தான்.

தேங்காய் விஷயத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் சாலைக்கு எடுக்கலாம்.

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று, வண்டி யாருடையது என்பது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் உங்களைப் போலவே வாரிசுகள். அவர்கள் எழுத்தில் சம்மதம் தராமல் 4.75 லட்சம் போட்டால், நாளைக்குப் பளபளப்பான வண்டியில் எல்லாருக்கும் பங்கு வரும். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்றவர்களின் ஆட்சேபணையின்மைக் கடிதம், படிவம் 31 எல்லாம் வைத்துப் பெயரை மாற்றுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வகை என்ன என்று பாருங்கள். சரக்கு வாகனம் என்றிருந்தால், ஓடாத காலத்துக்கு நிறுத்தி வைத்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, காலாண்டு வரி நிலுவை எவ்வளவு நிற்கிறது, சொந்த உபயோகத்துக்கு வகை மாற்றித் தருவார்களா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நிலுவை பெரிதாக இருந்தால் மேலே போட்ட 35,000 போதாது. பழைய கையெழுத்துப் புத்தகமாக இருந்தால் அந்தப் பழைய விவரங்களைக் கணினியில் ஏற்ற (பேக்லாக்) வேண்டியிருக்கும், சில வாரம் ஆகும். இதெல்லாம் முடியும்வரை ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

இனி பணம். 5.5 லட்சம் டெபாசிட்டை மறந்துவிடுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவே 3.72 லட்சம் வருகிறது. மீதி மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு.

நகை உங்கள் மனைவியின் சீதனம், சட்டப்படி அவருடைய சொத்து. அவராக எடுத்துக் கொடுத்தாலும் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. மொத்தமாக ஒரே தவணையில் அடைக்கும் நகைக்கடனை 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். உங்கள் டிரக் 12 மாதத்தில் முடியாது. வருடக் கடைசியில் வட்டி கட்டிக் கடனைத் திருப்பி வைக்கும் நேரத்தில், பாதி பிரித்த வண்டிக்காக வங்கி வாசலில் நிற்பீர்கள். பர்சனல் லோன் 4 லட்சம், 14 சதவீதம், மூன்று வருடம் என்றால் தவணை 13,670 ரூபாய், வட்டி மட்டும் 92,000. அதாவது எஞ்சின் வேலைக்கான பணம் வட்டியாகவே போய்விடும்.

கடன் தேவையே இல்லை. உங்கள் இருவர் வருமானம் 1,09,000. செலவும் சேமிப்பும் 77,000. மாதம் 32,000 மிஞ்சுகிறது. ஐந்து மாதம் சேர்த்தால் 1.6 லட்சம், சமையலறை முடிந்துவிடும். அந்த ஐந்து மாதத்தில் டிரக்குக்கு நடக்க வேண்டியது காகித வேலைதான். அதற்கு இந்த மீதியைத் தொட வேண்டாம், வரும் போனஸில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது மாதத்திலிருந்து 32,000-ஐ இப்படிப் பிரியுங்கள்: டிரக்குக்கு 16,000, மனைவியின் தனிக் கணக்குக்கு 8,000, மகள் படிப்புக்கு 8,000. 26 மாதத்தில் டிரக்குக்கு 4,16,000 சேரும். இரண்டு தீபாவளி போனஸில் பாதி பாதி என்று 60,000 சேர்த்தால் 4,76,000. போனஸின் மறுபாதி வீட்டுக்கு. மனைவியின் கணக்கில் அதே 26 மாதத்தில் 2,08,000 இருக்கும். அதை எதற்குச் செலவு செய்தார் என்று நீங்கள் கேட்கக்கூடாது. அவருடைய சம்பளமும் சேர்ந்துதான் இந்த 32,000 மிஞ்சுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வேலையின் வரிசையும் இந்தப் பணவரவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். முதலில் பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் லைன். பிறகு எஞ்சின். டிங்கரும் பெயிண்டும் கடைசி. இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றாலும் வண்டி வண்டியாக இருக்கும். பெரும்பாலானவர்கள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தகரத்தில் தொடங்குகிறார்கள். கேபினை உரித்துப் போட்டுவிட்டுப் பணம் தீர்ந்தால் வெறும் தகரம் ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் பழுப்பேறிவிடும். சாதாரண பிரைமர் அடித்துவிட்டோம் என்று தைரியமாக இருக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும். நிறுத்தி வைக்கிற வாய்ப்பு இருந்தால் எபாக்ஸி பிரைமர் கேளுங்கள். பெயிண்ட் வேலையைத் தை மாதத்தில் தொடங்கி சித்திரைக்குள் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரியில் சேரும் ஜூன் மாதத்தைச் சுற்றி மூன்று மாதம் டிரக் பணத்தையும் அங்கே திருப்ப நேரலாம். அந்த நேரத்தில் வண்டி உரித்த நிலையில் இருக்கக்கூடாது.

பட்டறையில் மொத்தமாக அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மதிப்பீடு, பாதி முன்பணம், கட்டம் முடிந்து பழைய பாகங்களைக் கையில் வாங்கியபின் மீதி. உதிரி பாகத்துக்குப் பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். 28 போட்டு நீட்டினால் கேள்வி கேளுங்கள். 'அண்ணே, இன்னொரு பத்தாயிரம் போட்டுவிடுங்க' என்று நடுவில் போன் வரும். அதற்குச் சம்மதம் சொல்லும் உரிமையை நீங்கள் ஒருவரே வைத்துக்கொள்ளாதீர்கள். 5,000-க்கு மேல் எதுவானாலும் இருவரும் பேசி முடிவு செய்வது என்று வையுங்கள். வீடுகளில் சண்டை பெரும்பாலும் தொகைக்காக வருவதில்லை. எப்போது முடியும் என்று தெரியாத செலவுக்காகவும், பிறகு தெரியவருகிற செலவுக்காகவும் வருகிறது. கார்புரேட்டரை ஊற வைக்க ஒரு பழைய டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். புதுச் சமையலறைப் பாத்திரம் எதையும் எடுக்காதீர்கள்.

விற்று லாபம் பார்ப்பது பற்றி: கணக்கில் அதற்குப் பூஜ்யம் போடுங்கள். இந்த வகை டிரக்குக்கு வாங்குபவர் குறைவு, தேடி வர நாளாகும். இன்சூரன்ஸில் மட்டும் மதிப்பு முக்கியம். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு நிறுவனமும் நீங்களும் ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பாக எழுதப்படும். அதனால் பில்களையும் ஒவ்வொரு கட்டப் புகைப்படத்தையும் கோப்பில் போடுங்கள். வண்டியைக் கொட்டகையிலிருந்து பட்டறைக்கு இழுத்துப் போகும் முன்பே மூன்றாம் நபர் காப்பீட்டையாவது எடுத்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகும் லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான் கொடுக்கும். பேட்டரி, ஆயில், இன்சூரன்ஸ் என்று வருடம் 25,000 எடுத்து வைக்க வேண்டும். அந்த 25,000 எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும், வண்டியைத் தொடும் முன்பே, இன்றைக்கே மனைவியிடம் பேசிவிடுங்கள்.