முதலாளியின் மச்சானைப் பற்றி அறிக்கையில் எழுதலாமா?

கேள்வி:

அன்பின் அக்காவுக்கு,

நான் கொழும்பில் முகாமைத்துவம் படிக்கும் மூன்றாம் வருட மாணவி. ஒரு பாடத்துக்குப் பரீட்சை இல்லை. அதற்குப் பதிலாக ஐந்து பேர் சேர்ந்து உண்மையான ஒரு வியாபாரத்துக்குப் போய், அவர்களின் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து, ஆலோசகர்களாகத் தீர்வு சொல்ல வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடை. பருப்பு, செத்தல் மிளகாய், சீனி, வெங்காயம் எல்லாம் கொழும்பிலும் மலையகத்திலும் உள்ள சில்லறைக் கடைகளுக்குப் போகிறது. "வியாபாரம் விழுந்துவிட்டது, ஓடர் எடுக்க ஒரு செயலி செய்து தாங்கோ" என்றார் முதலாளி.

எட்டுக் கிழமையாகப் போய் வருகிறோம். ஓடர் குறையவில்லை, காசுதான் வரவில்லை. கடன் விஷயம் முழுக்க முதலாளியின் மச்சான் கையில். தனக்குத் தெரிந்த கடைகளுக்கு மூன்று மாதம், நான்கு மாதம் என்று விட்டுவைத்திருக்கிறார். காசு முடங்கியதால் போதிய சரக்கு எடுக்க முடியவில்லை. வருகிற ஓடரும் பாதிதான் போகிறது.

"செயலிக்கு நாலு படம் போட்டுக் கொடுத்து மார்க்ஸை வாங்கிக்கொண்டு போவோம்" என்கிறார்கள் குழுவில் இரண்டு பேர். கண்டதை எழுதச் சொல்கிறார் விரிவுரையாளர். முதலாளியோ நல்ல மனிதர், படித்து முடித்ததும் எனக்கு வேலை தருவதாகவும் சொல்லியிருக்கிறார். பிரசன்டேஷனுக்கு மூன்று கிழமை இருக்கிறது, மச்சானும் வருவார். என்ன செய்வது? இன்னொன்று, எங்கள் ஐவரில் ஒருவர் இதுவரை கடைப் பக்கமே வரவில்லை.

பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்:

அன்பின் தங்கச்சி,

கண்டதை எழுதுங்கள். கடனைப் பற்றி எழுதுங்கள், மச்சானை விட்டுவிடுங்கள். முக்கியமாக, முதலாளி அந்த விஷயத்தை முதன்முதலில் பிரசன்டேஷன் அறையில் வைத்துக் கேட்கக் கூடாது. உங்களுக்கு இருக்கும் மூன்று கிழமையில் பெரும்பகுதியை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

முதலில் உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள். "ஓடர் குறையவில்லை, காசுதான் வரவில்லை" என்பது பில் புத்தகத்தைப் பார்த்து வந்த வசனம். "தனக்குத் தெரிந்த கடைகளுக்கு" என்பது அப்படி வந்ததல்ல. கடையில் யாரோ உங்கள் காதில் போட்டிருக்கலாம், அல்லது நீங்களே ஊகித்திருக்கலாம். முதல் வசனத்துக்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதை எழுதினால், வெளியிலிருந்து வந்த ஐந்து பிள்ளைகள் ஒரு குடும்பத்துக்குள் சண்டை மூட்டிவிட்டதாகத்தான் முடியும்.

ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். இடது பக்கம் கடைகள். எதிரே நான்கு நிரல்: 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, 90க்கு மேல். ஒவ்வொரு கடையும் எந்த நிரலில் எவ்வளவு தர வேண்டும் என்று பில் திகதியை வைத்துப் போடுங்கள். புறக்கோட்டையில் செக் கைக்கு வந்தாலே காசு வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு உண்டு. பிந்திய திகதி போட்ட செக் வங்கியில் காசாகும் வரை அதுவும் கடன்தான். ஆகவே கையில் உள்ள செக்குகளுக்கு ஐந்தாவது நிரல், திரும்பி வந்த செக்குகளுக்கு ஆறாவது. இதை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒத்துப்பாருங்கள். ஒரு பில் தவறினாலும் மச்சான் அந்த ஒன்றைத்தான் பிடிப்பார், மீதி அத்தனையும் எடுபடாது. நான் மொத்த வியாபாரக் கம்பனிகளின் கணக்கோடு நெடுங்காலம் வேலை செய்தவள். இந்தத் தாளைப் போட்டுப் பார்க்கும்போது எல்லாக் கடைகளிடமும் காசு சமமாகத் தேங்கியிருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரு சில கடைகளிடம்தான் பெருந்தொகை நிற்கும். அந்தச் சில கடைகளைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அதே தாளின் அடியில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, கடையின் மாத விற்பனை ஒரு கோடி ரூபா, சராசரியாக 60 நாளில் காசு வருகிறது என்று வைப்போம். எந்த நேரமும் 2 கோடி ரூபா வெளியே நிற்கிறது. அந்த 60 நாள் 45 ஆனால் 50 இலட்சம் ரூபா கைக்குத் திரும்புகிறது. புதிய வாடிக்கையாளர் ஒருவர்கூட வரத் தேவையில்லை, ஒரு மூடை கூடுதலாக விற்கவும் தேவையில்லை. வங்கி வட்டி வருடத்துக்கு 12 வீதம் என்று பிடித்தால், அந்த 50 இலட்சத்துக்கு வட்டியே 6 இலட்சம். இப்படியொரு கணக்கைக் கடையின் உண்மையான எண்களை வைத்துச் செய்து காட்டுங்கள். "கடன் முகாமைத்துவத்தை மேம்படுத்துதல்" என்று தலைப்புப் போட்டால் முதலாளி தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 50 இலட்சம் என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

தாள் தயாரானதும் அதை யாரிடம் முதலில் கொண்டுபோவது? மச்சானிடம். உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கடன்களுக்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள் அவர். நான்காம் குறுக்குத் தெருவில் கடன் என்பது ஏமாளித்தனம் இல்லை, வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான். தோட்டங்களை நம்பியிருக்கும் மலையகக் கடையில் சம்பளம் போட்ட பிறகுதான் காசு புழங்கும். அந்த நாளைக் கணக்கில் எடுக்காமல் 30 நாள் கெடு வைத்தால், நல்ல கடைக்காரரும் செக் திரும்பிக் கெட்ட பெயர் எடுப்பார். இன்னொரு கடை பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே புதுச் சரக்கைக் காசுக்கு எடுக்கலாம். இதெல்லாம் பில்லில் தெரியாது.

அதனால், "இந்தக் கடைகளில் யாருக்குப் பொறுக்கலாம், யாருக்கு இனிப் பொறுக்க முடியாது என்று சொல்லுங்கோ அண்ணன், நாங்கள் குறித்துக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். காலையில் போகாதீர்கள். பத்து மணிக்கு வாசலில் மூடை சுமக்கும் நாட்டாமிமார் வண்டியோடு வழிகேட்டுக் கத்துவார்கள், உள்ளே ஒரு போன் வைக்க மற்றப் போன் அடிக்கும், அவரும் ஒரு காதில் போனோடுதான் பில்லில் கையெழுத்து வைத்துக்கொண்டிருப்பார். பின்னேரம் லொறி போன பிறகு போங்கள். அவர் சொல்வதில் பாதி சமாளிப்பாக இருந்தாலும் மீதிப் பாதி உங்கள் அறிக்கையைக் காப்பாற்றும். நீங்கள் போன பிறகு புதிய கடன் விதியை நடத்தப்போகிறவரும் அவர்தானே. அவரைச் சேர்க்காமல் செய்த தீர்வு அடுத்த மாதமே செத்துப்போகும்.

பிறகு முதலாளி. தனியாக, அவருடைய மேசையில், பிரசன்டேஷனுக்கு ஒரு கிழமையாவது முன்னதாக. உங்களில் இரண்டு பேர் போனால் போதும். ஒரு மாணவர் குழுவின் பிரசன்டேஷனுக்கு மதிப்பீட்டாளராகப் போயிருந்தேன். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆராய்ந்திருந்தார்கள். முதலாளியின் மகன் தொடங்கிய கிளை நட்டத்தில் ஓடுகிறது என்பதை, அந்த மகனும் ஊழியர்களும் விரிவுரையாளர்களும் உட்கார்ந்திருந்த அறையில், பெரிய சிவப்பு எழுத்தில் திரையில் போட்டார்கள். முதலாளி கையில் இருந்த அறிக்கையைக் குப்புற வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த பகுதியில் அந்தக் கிளையைத் திருத்த அருமையான ஒரு வழி வைத்திருந்தார்கள். அது அவர் காதில் ஏறவே இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகங்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலாளியிடம் பேசும்போது 2022ஐ எடுங்கள். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அப்போது இறக்குமதிப் பருப்பை 60 நாள் கடனுக்குக் கொடுத்தவருக்குக் காசு முழுதாக வந்தும், அந்தக் காசுக்கு அதே அளவு பருப்பு கிடைக்கவில்லை. அந்தத் தெருவில் வியாபாரம் செய்தவர் யாருக்கும் இது மறந்திருக்காது. கடன் நாள் ஏன் முக்கியம் என்று விளக்க உங்களுக்கு வேறு வரைபடம் தேவையில்லை.

செயலி விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். அவர் கேட்ட கேள்வி அது, பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. இப்போது ஓடர் போனில் வந்து, துண்டில் எழுதப்பட்டு, ஸ்டோருக்குப் போகிறது என்று நினைக்கிறேன். பத்துக் கடைகளைத் தெரிந்தெடுத்து, ஓடரை வட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான வரிசையில் அனுப்பச் சொல்லி இரண்டு கிழமை நடத்திப் பாருங்கள். பொருள், அளவு, எந்த நாளுக்கு வேண்டும், அவ்வளவுதான். மாறிப்போன ஓடரும் விடுபட்ட ஓடரும் குறைந்தனவா என்று எண்ணுங்கள். குறைந்தால் செயலியைப் பற்றி யோசிக்க ஒரு அடிப்படை கிடைக்கும். குறையாவிட்டால் அவருடைய காசு மிச்சம். எதுவானாலும் ஸ்டோரில் சரக்கு இல்லாதபோது ஓடரை வேகமாக எடுப்பதில் பயனில்லை என்று ஒரு பந்தி எழுதுங்கள்.

நாலு படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்கிற அந்த இரண்டு பேருக்கு இதைச் சொல்லுங்கள். பிரான்ஸில் எசெக் வணிகக் கல்லூரி மாணவர்கள் 1967இலேயே தாங்களே நடத்தும் ஓர் ஆலோசனை அமைப்பைத் தொடங்கினார்கள், அந்த முறை பிரேசில் வரை பரவியது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக வணிகப் பள்ளி 1992 முதல் தன் எம்.பி.ஏ. மாணவர்களைக் கம்பனிகளுக்கு அனுப்பி வருகிறது. மாணவரிடம் அனுபவம் இல்லை என்று தெரிந்தும் கம்பனிகள் ஏன் கதவைத் திறக்கின்றன? சம்பளத்துக்கு இருப்பவர் கேட்கத் தயங்குகிற கேள்வியை மாணவர் கேட்கலாம். கணக்குப் பார்ப்பவருக்கும், லொறிக்காரருக்கும், கடை கடையாகப் போய் ஓடர் எடுக்கும் ரெப்புக்கும் அந்தக் கடன் விஷயம் தெரியாதா என்ன? தெரிந்திருக்கும். சொல்ல முடிந்திருக்காது. எட்டுக் கிழமை உழைத்துக் கண்டுபிடித்ததை மறைத்துவிட்டு வந்தால் நீங்கள் அங்கே போனதற்கே அர்த்தமில்லை.

பீடத்துக்கான அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும். முதலாளிக்கு இரண்டு பக்கத்தில் தமிழில் தனியாக எழுதிக் கொடுங்கள். ஸ்டோரில் சிங்கள ஊழியர்கள் இருந்தால் ஓடர் வரிசையைச் சிங்களத்திலும் ஒரு தாளில் அடித்து ஒட்டுங்கள். பீடத்தின் பிரதியில் கடைகளின் பெயர் வேண்டாம், அ, ஆ, இ என்று போட்டால் போதும். எந்தக் கடைக்காரர் கடனில் இருக்கிறார் என்பது அந்தத் தெருவில் மானப் பிரச்சினை. பில்களைப் படம் எடுத்துக் குழுவின் வட்ஸ்அப்பில் போட்டிருந்தால் இன்றைக்கே அழியுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும் இது நம்பிக்கை விஷயம்தான்.

வேலை தருவதாக முதலாளி சொன்னதை உங்கள் குழுவிடமும் விரிவுரையாளரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டிய விஷயம் அது இல்லை, ஆனால் பிறகு தெரியவந்தால் நீங்கள் மென்மையாக எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அதுதான் காரணம் என்பார்கள். அந்த வேலையை எடுப்பதா இல்லையா என்பதை அறிக்கை கொடுத்த பிறகு பேசிக்கொள்ளலாம். கணக்கைக் காட்டியதற்காக அவர் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டால், அந்தக் கடையில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று சம்பளத்துக்குப் போவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைப் பக்கமே வராத அந்த ஐந்தாமவருக்கு இந்தக் கிழமை ஒரு வேலை கொடுங்கள்: அந்தப் பத்துக் கடைகளோடு பேசி வட்ஸ்அப் ஓடரை நடத்துவது. திகதி போட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிக் கொடுங்கள். செய்தால் நல்லது. செய்யாவிட்டால் பிரசன்டேஷன் நாள் வரை பொறுத்திருக்காமல் அடுத்த கிழமையே விரிவுரையாளரிடம் நீங்கள் நால்வரும் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.