நிச்சயதார்த்தம் முடிந்த நாங்கள் இருவரும் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம். ஒருவருக்கு ரோலர் கோஸ்டர் உயிர், இன்னொருவருக்குத் தலைசுற்றல். முதல் நாளை எப்படிக் கழிக்கலாம்?

எங்கள் ஜோடியில் கோஸ்டர் பைத்தியம் நான். ஊஞ்சலை வேகமாக ஆட்டினாலே முகம் வெளுத்துவிடுவது அவருக்கு. 2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இதே நிலைமையோடுதான் நாங்களும் போனோம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாளுக்கு மேஜிக் கிங்டம் போங்கள். ஆனால் எல்லாச் சவாரியிலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். நிச்சயமான ஜோடி என்றாலே ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

அங்கே நான்கு பூங்காக்கள் இருக்கின்றன. ஹாலிவுட் ஸ்டூடியோஸின் பெரிய சவாரிகள் பலவும் ஆளைத் தூக்கிப்போடுபவை. தலைசுற்றல்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பை காவல் காக்க வேண்டியதுதான். எப்காட்டில் ஏரியைச் சுற்றி 11 நாட்டு அரங்குகள். நடந்தே கால் ஓய்ந்துவிடும், அதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அனிமல் கிங்டம் பெரும்பாலும் மற்றவற்றைவிட முன்னதாகவே மூடிவிடும். 1971 அக்டோபர் 1-ல் திறந்த மேஜிக் கிங்டம்தான் நால்வரில் மூத்தது. பதறவைக்கும் சவாரிக்குப் பத்தடி பக்கத்திலேயே பாட்டி ஏறும் சவாரியும் இருப்பது அங்கேதான்.

எப்படி அனுமதி கிடைத்தது என்று கேட்பீர்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனியில் கும்பகோணத்தில் நிச்சயம், தையில் கல்யாணம். அவருக்கு வேலை டல்லாஸில், எனக்கு ராலேயில். நேரில் பார்த்ததைவிட ஃபோனில் பேசியதுதான் அதிகம். அவருடைய அக்கா டாம்பாவில் இருக்கிறார். "அண்ணி வீட்லதாம்மா தங்கப்போறேன், எனக்குத் தனி ரூம்" என்றதும் அம்மா சரி என்றுவிட்டார். பாட்டிதான், "ஆடியில என்னடி சேர்ந்து ஊர் சுத்தறது? தை வரைக்கும் பொறுக்காதா?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அங்கல்லாம் ஆடி கிடையாதும்மா, அது ஆகஸ்டு" என்று அப்பா சமாளித்தார்.

டாம்பாவிலிருந்து ஐ-4 சாலையில் ஒன்றேகால் மணி நேரம். வெளியே தங்குவதில் ஒரு நஷ்டம் உண்டு: டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்களைத் தினமும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே விடுகிறார்கள், லைட்னிங் லேன் எனப்படும் காசு கட்டிய வரிசையையும் அவர்கள் 7 நாள் முன்பே பதிவு செய்யலாம். மற்றவர்களுக்கு 3 நாள்தான். அண்ணி கட்டிக்கொடுத்த புளியோதரையை வைத்துக் கணக்குப் போட்டால் எங்களுக்கு லாபம்தான்.

காரை நிறுத்தியதும் பூங்கா வந்துவிடாது. பார்க்கிங்குக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு ஏரி. மோனோரயிலிலோ படகிலோ கடக்க வேண்டும். படகைத் தேர்ந்தெடுங்கள், பூங்காவின் சிண்ட்ரெல்லா கோட்டை தண்ணீருக்கு அப்பால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவதைப் பார்க்கலாம். நாங்கள் ஏறிய படகின் பெயர் ஜெனரல் ஜோ பாட்டர். பனாமா கால்வாய்ப் பகுதிக்கு ஆளுநராக இருந்த ராணுவப் பொறியாளர் அவர். இந்த இடத்தின் சாலை, வடிகால், மின்சார வேலைகளை மேற்பார்த்தவர். நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் சிவில் இன்ஜினியர். பேரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "இந்த ஏரியே தோண்டினதுதான். இங்க கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துரும். அதனால ஊழியர்கள் நடக்கிற சுரங்கத்தைத் தரைமட்டத்துலயே கட்டி, ஏரியில எடுத்த மண்ணை மேல கொட்டி, அதுக்கு மேல பூங்காவை வெச்சிருக்காங்க. நாம நடக்கப்போறதே முதல் மாடியிலதான்." கோட்டை 189 அடி, மேலே போகப்போக ஜன்னலையும் கற்களையும் சிறிதாக அமைத்து, இருப்பதைவிட உயரமாகக் காட்டியிருக்கிறார்கள். "நம்ம பெரிய கோயில் விமானம் 200 அடியைத் தாண்டும், அதுவும் நிஜக் கல்லு" என்று ஒரு பெருமூச்சு. இப்படிப்பட்டவரோடு போனால் சவாரியே ஏறாவிட்டாலும் பொழுது போய்விடும் என்று அப்போதே தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் சிட்டி ஹால் என்ற கட்டடம். அங்கே போய் நிச்சயம் ஆகியிருக்கிறது என்று சொன்னால், 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' என்று அச்சடித்த வட்ட பேட்ஜ் இலவசமாகத் தருவார்கள், பெயரும் எழுதிக் கொடுப்பார்கள். குத்திக்கொண்டு நடந்தால் பாப்கார்ன் விற்பவரிலிருந்து குப்பை அள்ளுபவர் வரை எல்லா ஊழியரும் வாழ்த்துவார்கள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை, மத்தியானம் வரை தொப்பியால் மறைத்துக்கொண்டே நடந்தார். எனக்குப் பிடித்திருந்தது. நிச்சயத்தன்று வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். இங்கே முகம் தெரியாதவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்கள்.

இனி உங்கள் கேள்வியின் கரு. காலையில் நேராக டுமாரோலேண்ட் பகுதிக்குப் போங்கள். 2023-ல் திறந்த டிரான் என்ற கோஸ்டர் அங்கேதான் இருக்கிறது. பைக்கில் போவதுபோல் குனிந்து படுத்துக்கொண்டு சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும். அதற்குத் தனியாகக் காசு கட்டி வரிசையைத் தாண்டலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு என்பதால் எனக்கு மட்டும் வாங்கினேன். ஏறாதவருக்கும் சேர்த்துக் கட்டுவது அநியாயச் செலவு. பக்கத்திலேயே 1975-ல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன். இருட்டுக்குள் ஓடும் கோஸ்டர். வேகம் 45 கிலோமீட்டர்தான், எதிரே வளைவு வருவது தெரியாததால் இரண்டு மடங்காகத் தோன்றும். அதில் ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார முடியும். கையைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்ற கனவெல்லாம் அங்கே நடக்காது. ஆகவே அவரை வம்பாக இழுத்துப் போவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவர் என்ன செய்தார்? பீப்பிள் மூவர் என்று ஒரு குட்டி ரயில், மாடி உயரத்தில் அந்தப் பகுதி முழுவதையும் மெதுவாகச் சுற்றி வரும், சுமார் பத்து நிமிடம். பெரும்பாலும் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டியில் மோட்டாரே கிடையாது, பாதையில் பதித்த மின்காந்தங்கள்தான் தள்ளுகின்றன. நான் ஸ்பேஸ் மவுண்டன் வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவர் அதில் திரும்பத் திரும்பச் சுற்றி, தண்டவாளத்தை எட்டிப்பார்த்து எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரயிலின் பாதை ஸ்பேஸ் மவுண்டனின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போகிறது. இருட்டில் அலறல் மட்டும் கேட்கும். வெளியே வந்ததும், "உங்க குரல் மாதிரியே ஒண்ணு கேட்டுச்சு, 'அம்மா'ன்னு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தியாவில் இருக்கும் வீட்டாருக்கு ஒரு நேரம் ஒதுக்கிவிடுங்கள். கோடையில் அங்கே மதியம் 12 என்றால் ஊரில் இரவு 9.30, சீரியல் முடிந்து எல்லோரும் வாட்ஸ்அப்பைத் திறக்கும் வேளை. கோட்டை முன்னால் எடுத்த ஒரே ஒரு படத்தை இரண்டு குடும்பக் குழுவிலும் போட்டோம். என் மாமியாராகப் போகிறவர், "பொட்டு வெக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். வேர்வையில் போய்விட்டது அத்தை என்றேன், உண்மையும் அதுதான்.

சேர்ந்து ஏற வேண்டியவற்றில் முதலிடம் ஹான்டட் மேன்ஷனுக்கு, அதுவும் நிச்சயமான ஜோடிக்கு. பேய் வீடுதான், ஆனால் தூக்கிப்போடாது. இருவர் அருகருகே உட்காரும் கறுப்பு வண்டி நிதானமாக ஊர்ந்து போகும். பரண் பகுதியில் கான்ஸ்டன்ஸ் என்று ஒரு கல்யாணப்பெண் வருவாள். ஐந்து கணவர்களையும் கோடரியால் தலையெடுத்தவள். சுவரில் ஐந்து கல்யாணப் படங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் தலை மட்டும் மறையும். அடுத்தடுத்த படத்தில் அவள் கழுத்தில் முத்துமாலைச் சரம் ஒன்று கூடிக்கொண்டே போகும். இவர் படங்களை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, தைக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார். அன்று நான் அதிகம் சிரித்தது அங்கேதான்.

சாப்பாட்டுக்கு அங்கிருந்து இரண்டு எட்டில் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் என்ற உணவகம். மாடியில் கூட்டம் குறைவு. வெளிச்சாப்பாடு கொண்டுபோக டிஸ்னி அனுமதிக்கிறது, அதனால் புளியோதரையையும் வறுவலையும் பிரித்தோம். மரியாதைக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டோம். ஐஸ் போட்ட குடிநீர் கவுன்டரில் கேட்டால் சும்மா தருவார்கள், பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். சைவக்காரர்கள் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி விடுதியில் இருக்கும் சனா உணவகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'நான்' ரொட்டியும் வகைவகையான தொக்குகளும் கிடைக்கும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும்.

மூன்று மணிக்கு இடி. ஃபுளோரிடாவில் கோடையானால் மத்தியானத்துக்கு மேல் இடிமழை அநேகமாகத் தினமும் உண்டு. மின்னல் பக்கத்தில் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். பலர் சலித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், நீங்கள் கிளம்பாதீர்கள். நாங்கள் கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ் அரங்குக்குள் ஓடினோம். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. மேடை அப்படியே நிற்க, பார்வையாளர் நாற்காலிகள் அதைச் சுற்றி நகரும். ஒரே குடும்பம் மின்சாரம் வருவதற்கு முன்பிருந்து எப்படியெல்லாம் வாழ்ந்தது என்று பொம்மைகள் பேசும். இருபது நிமிடம், குளுகுளு ஏசி, அரங்கில் கால்வாசிகூட ஆள் இல்லை.

அங்கேதான் நிச்சயம் ஆனதிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பேச்சு வந்தது: கல்யாணத்துக்கு அப்புறம் டல்லாஸா, ராலேயா? எங்கள் வீட்டில் எல்லோரும் நான்தான் மாறுவேன் என்று முடிவே செய்துவிட்டிருந்தார்கள். என் ஆபீசில் வாரத்தில் நான்கு நாள் நேரில் வர வேண்டும், அவருடையது வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் இடம் வேறு ஊருக்கு மாறினால் கம்பெனி திருத்திய மனு போட வேண்டும். "என் மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன், போடறேன்னுட்டார். நான் ராலே வர்றேன்" என்றார், பொம்மைக் குடும்பத்துப் பாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது. அடுத்த வாக்கியம், "அக்காகிட்ட இப்ப சொல்லிடாதீங்க. அம்மாகிட்ட முதல்ல நானே சொல்லணும்." மேடையில் அடுத்த காலம் வந்து விளக்கெரிந்தது, நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். வெளியே மழை விடவில்லை, அதனால் மறுபடியும் உள்ளே போய் உட்கார்ந்தோம்; இந்த முறை கல்யாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது என்பதில் சின்னச் சண்டை. அது இன்னும் தீரவில்லை.

மாலையில் நடுவழியாக ஒரு சவாரி: செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயின். கோஸ்டர்தான், ஆனால் சாது. அருகருகே உட்காரலாம், தொட்டில் மாதிரி பெட்டி பக்கவாட்டில் ஆடும். இதற்கு மட்டும் அவரே வருகிறேன் என்றார். பகலில் வரிசை நீளம். மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் நுழைந்தாலும் ஏற்றிவிடுவார்கள் என்பதால், இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாணவேடிக்கையைக் கோட்டைக்கு நேர் எதிரே, மெயின் ஸ்ட்ரீட்டில் நின்று பாருங்கள். வெடிப்பதோடு கோட்டைச் சுவர் மேலேயே படங்களும் ஓடும், பக்கவாட்டில் நின்றால் பாதி தெரியாது. நசுங்கத்தான் வேண்டும்.

தேதியை முடிவு செய்யும்முன் ஒன்று பாருங்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் கடைசி வரை சில இரவுகளில் ஹாலோவீன் விருந்துக்குத் தனி டிக்கெட். அந்த நாள்களில் சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள், வாணவேடிக்கை கிடையாது. வெடி வேண்டுமென்றால் அந்தத் தேதிகளைத் தவிருங்கள். பகல் கூட்டம் குறைவாக இருந்தால் போதும் என்பவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம். சாப்பாட்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துப் போகாதீர்கள், சோதனையில் நிறுத்திவிடுவார்கள். எவர்சில்வர் டப்பாவே போதும். திரும்பும்போதும் மோனோரயிலைவிடப் படகே மேல், ஒரே நடையில் 600 பேரை ஏற்றிக்கொள்ளும். காலையில் இறங்கியதும் பார்க்கிங் பகுதியின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது ஜாஃபர். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த மைதானத்தில் எல்லா வெள்ளைக் காரும் அண்ணியின் காராகத்தான் தெரியும்.