சேர்வராயன் மலையில் ஈயச் சுரங்கம் இருந்ததா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஈயச் சொம்பு ரசத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு கடிதம் கடிதமாக வந்துவிட்டது. சரி, இந்த முறை முழுக்க ஈயம்தான்.

கேள்வி: எங்கள் பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியில், துணியில் சுற்றிய ஒரு கருப்புக் கல் கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் தூக்கினால் இரும்புக் குண்டு மாதிரி கனக்கிறது. உடைந்த மூலை கண்ணாடி போல மின்னுகிறது. மலை மேல் ஈயம் வெட்டினார்கள், தாத்தா அந்த வேலைக்குப் போனார் என்று அம்மா சொல்கிறார். உண்மையா? (ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு வாசகி)

நீங்கள் அனுப்பிய போட்டோவை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த இடம் படிக்கட்டு மாதிரி, சின்னச் சின்னக் கட்டங்களாக, எல்லா மூலையும் நேர்மூலையாக இருக்கிறது. ஈயக் கனிமமான கலீனா அப்படித்தான் உடையும், எவ்வளவு சின்னதாகத் தட்டினாலும் சதுரம் சதுரமாகத்தான் பெயரும். ஆனாலும் போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் நம் சேலத்துக் கஞ்சமலைக் கல்லும் கருப்புதான், அதுவும் கனம்தான். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கிட்டே கொண்டுபோங்கள். வெடுக்கென்று ஒட்டினால் அது மேக்னடைட் என்கிற இரும்புக் கல். ஒட்டாமல் இருந்து, டைல்ஸின் பின்பக்கம் தேய்த்தால் சாம்பல் கோடு விழுந்தால் கலீனா. அதில் எடைக்கு 86 சதவீதத்துக்கு மேல் ஈயம், மீதி கந்தகம்.

ஆனால் அந்தக் கல் மலையில் கிடைத்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, பூமியின் அடி ஆழத்தில் வெந்து மேலே வந்தது. வெட்டி எடுக்கிற அளவுக்கு ஈயம் அதில் கிடையாது. மலை மேல் வெட்டியது பாக்சைட். உச்சியில் சேர்வராயன் கோயில் பக்கத்துச் சமவெளியில் செம்மண் நிறத்தில் கட்டி கட்டியாகக் கிடக்குமே, அதுதான். மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு லாரி லாரியாக இறங்கியது. உங்கள் தாத்தா போனது அந்தக் குழிக்காக இருக்கலாம். வீட்டில் இருந்த கல்லும் தாத்தா பார்த்த வேலையும் பேச்சுவாக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டிருக்கும், எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

அப்படியானால் கல் எங்கிருந்து வந்தது? நாட்டு மருந்துக் கடையிலிருந்து. அஞ்சனக்கல், சுர்மாக்கல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இழைத்துக் கண்ணுக்கு மை இடுவதற்காக வாங்கி வைத்திருப்பார்கள். அசல் அஞ்சனக்கல் ஆன்டிமனி என்பார்கள், ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் விற்கும் கல் பல சமயம் ஈயக் கல்தான். தயவுசெய்து அதை இழைத்துக் குழந்தைகளுக்கு மை போட்டுவிடாதீர்கள். கண்ணைக் கசக்கிய கை அடுத்த நிமிடம் வாய்க்குத்தான் போகும், ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். கல்லைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு அலமாரியில் வையுங்கள், அழகான கல்.

தமிழ்நாட்டில் ஈயமே இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூரில் துத்தநாகம், செம்பு இவற்றோடு சேர்ந்து ஈயமும் பாறைக்குள் இருக்கிறது. துளை போட்டெல்லாம் பார்த்தார்கள், பெரிய சுரங்கம் எதுவும் வரவில்லை. நமக்கு அருகில் என்றால் ஆந்திராவில், குண்டூர்ப் பக்கம் பண்டலமொட்டுவில்தான் ஈயச் சுரங்கம் ஓடியது.

கேள்வி: என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். ஈயம் விஷம் என்கிறீர்கள், அப்போது நாங்கள் அத்தனை வருடம் விஷமா சாப்பிட்டோம்? (அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்)

இல்லை ஐயா, நிம்மதியாக இருங்கள். பாத்திரத்துக்குப் பூசியது வெள்ளீயம். விஷம் என்று நான் சொல்வது காரீயம். தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்று ஒரே பெயர் வைத்ததுதான் வம்பாகப் போயிற்று, இரண்டும் வேறு வேறு உலோகம். சித்த மருத்துவத்தில் இன்னும் ஒரு சுற்று குழப்பம் உண்டு. அங்கே கருவங்கம் என்றால் காரீயம், வெள்வங்கம் என்றால் வெள்ளீயம், நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதக்காரர்களிடம் போய் நாகம் என்றால் அவர்கள் காரீயத்தை எடுப்பார்கள். பெயரை மட்டும் நம்பி மருந்து மாற்றிச் சாப்பிட்டவர் கதி என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலை உங்களுக்கு நினைவிருக்கும். தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதுவார்கள். மணலைப் போட்டு அண்டாவுக்குள் ஏறி நின்று, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிக் காலாலேயே தேய்ப்பார் ஒருவர். பாத்திரம் சூடேறியதும் நவச்சாரத்தை ஒரு சிட்டிகை தூவுவார்கள், குபுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கு எரியும், எங்களைப் போன்ற வாண்டுகளெல்லாம் அந்தப் புகைக்காகவே காத்திருப்போம். ஈயக் குச்சியை ஒரு தொடு தொட்டுத் துணியால் ஒரே இழுப்பு, பித்தளை வெள்ளியாக மாறிவிடும். அந்தக் கை லாகவத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் 'ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்' என்ற சொலவடை முழுசாகப் புரியும்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான், அசலாக இருந்தால். வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை, அதனால் கலப்படத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. புளிப்பு பட்டால் காரீயம் ரசத்தில் இறங்கிவிடும். புதுச் சொம்பு வாங்கினால் வெள்ளைத் தாளில் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அசல் வெள்ளீயத் துண்டை வளைத்தால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், காரீயத்துக்கு அந்தக் குரல் கிடையாது. ஆனால் சத்தம் கேட்பதற்காகச் சொம்பை வளைத்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

கேள்வி: பென்சிலில் இருப்பது ஈயமா? (அழகாபுரத்திலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி)

இல்லை கண்ணு. அது கிராஃபைட், கரியின் சொந்தக்காரன். முற்காலத்தில் பார்த்தவர்கள் அதை ஒருவகை ஈயம் என்று நினைத்து 'லெட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், நாமும் மொழிபெயர்த்துக்கொண்டோம். நம் சிவகங்கையிலேயே கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. இருந்தாலும் பென்சிலைக் கடிக்காதே.

கேள்வி: மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். 'ஈயம் இல்லேன்னா வெள்ளி ஏது' என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன். (செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் அப்பா ஒரே வரியில் உலக உலோக வரலாற்றையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தங்கம் மாதிரி வெள்ளி தனியாக மின்னிக்கொண்டு கிடைப்பது அபூர்வம். ஈயக் கல்லுக்குள்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும், அதுவும் ஒரு டன் ஈயத்தில் சில நூறு கிராம் இருந்தாலே பெரிய விஷயம். பழைய காலத்தில் மனிதன் இவ்வளவு ஆழம் தோண்டி ஈயம் எடுத்ததற்கு வெள்ளி ஆசையே முக்கியக் காரணம். பிரிக்கிற வித்தை எளிமையானது, ஆனால் கண்டுபிடித்தவனைக் கும்பிடலாம். வெள்ளி கலந்த ஈயத்தை எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் வைத்து நன்றாகக் காற்று ஊதி உருக்குவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து மிருதார்சிங்கியாக மாறும் (ஆமாம், நாட்டு மருந்துக் கடையில் மஞ்சளாக விற்கிறதே, அதேதான்), அதைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளிக்கு அப்படிக் காற்றோடு சேரும் பழக்கம் இல்லாததால் கிண்ணத்தின் நடுவில் ஒரு பொட்டாக நிற்கும். கடைசி ஈயப் படலம் விலகும் நொடியில் அந்தப் பொட்டு சட்டென்று பளிச்சிடும்.

அழுக்கு வெள்ளியைச் சுத்தம் செய்வதும் இதே வழியில்தான், வேண்டுமென்றே ஈயத்தைச் சேர்த்து உருக்குவார்கள், மற்ற கலப்படத்தையெல்லாம் ஈயம் இழுத்துக்கொண்டு போய்விடும். இப்போது பட்டறைகளில் ஆசிட் வந்துவிட்டது. அப்பா அந்தப் பழைய முறையை நேரில் பார்த்திருப்பாரோ என்னவோ.

இந்தியாவில் இதற்கான பெரிய இடம் ராஜஸ்தான். உதயப்பூர் பக்கத்து ஜாவரில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட குடைவுகள் இருக்கின்றன, உள்ளே முட்டுக்கொடுத்த மரம் கூடக் கிடைத்து, அதில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்துதான் வயதைச் சொன்னார்கள். வெடிமருந்து இல்லாத காலம், பாறையோரம் விறகை அடுக்கி எரித்து, சூட்டில் விரிசல் விட்டதும் பெயர்ப்பார்கள். பின்னாளில் அதே ஜாவரில் துத்தநாகத்தையும் காய்ச்சி வடித்தார்கள். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடுமே, அதனால் கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளைத் தலைகீழாக அடுக்கி, ஆவியைக் கீழே இறக்கிக் குளிர வைத்துப் பிடித்திருக்கிறார்கள். ஊரைச் சுற்றி இன்றும் அந்தக் குடுவைகள் மலை மலையாகக் கிடக்கின்றன, வீட்டுச் சுவர் கூட அவற்றை வைத்தே கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் நம் நாட்டுச் சுரங்க வெள்ளியில் ஏறக்குறைய எல்லாமே ராஜஸ்தானின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. உங்கள் பட்டறைக்கு வரும் கட்டி வெளிநாட்டுச் சரக்காகவும் இருக்கும், பழைய கொலுசை உருக்கியதாகவும் இருக்கும், ஆனால் எந்த வெள்ளியையும் பின்னால் துரத்திக்கொண்டே போனால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஈயக் குழியில்தான் போய் நிற்கும்.

தெற்கே இந்த வசதி இல்லாததால் அந்தக் காலத்திலேயே இறக்குமதிதான். சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்த ரோமாபுரிச் சரக்கில் ஈயம் உண்டு. இந்தியாவில் ஈயம் கிடையாது, முத்தையும் மணியையும் கொடுத்து வாங்குகிறார்கள் என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். ஜாவர் விஷயம் அவருக்கு எட்டவில்லை, பாவம்.

கேள்வி: வெளிநாடுகளில் மூடிய ஈயச் சுரங்கங்களை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். நம் வெள்ளக்கல் குழிகளுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? (கருப்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி தம்பி, எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே கில்ஹோப் என்று ஒரு ஈயச் சுரங்கம், 1910-ல் மூடியது. பெரிய இரும்புத் தண்ணீர்ச் சக்கரம், சின்னப் பையன்கள் குளிர்ந்த தண்ணீரில் நின்று கல் பொறுக்கிய களம் எல்லாவற்றையும் பழுது பார்த்து, ஜனங்களை விளக்கு மாட்டிச் சுரங்கத்துக்குள் நடக்கவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் வான்லாக்ஹெட்டில் ஈயத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் சந்தா போட்டு 1756-ல் தொடங்கிய நூலகத்தை இன்னும் காட்டுகிறார்கள்.

நம்மிடம் என்ன குறைவு? நம் வெள்ளக்கல் மலையை வெள்ளைக்காரன் தூரத்திலிருந்து பார்த்து 'சாக் ஹில்ஸ்', அதாவது சாக்பீஸ் குன்று என்று பெயர் வைத்தான், பக்கத்தில் போனால் சாக்பீஸ் கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, மேக்னசைட். ரயில் ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்தக் கல் இந்த ஊரை நடத்தியது. இதற்குச் சுரங்கப்பாதை கிடையாது, திறந்த வெட்டுக்குழி. வெட்டிய முகத்தைப் பார்த்தால் பச்சையும் பழுப்புமான பாறை மேல் வெள்ளை வலை வீசிய மாதிரி நரம்பு நரம்பாக ஓடும். நான் சிறுவனாக இருந்தபோது கீற்றுப் பந்தலுக்கு அடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கல்லில் ஒட்டிய பாறையைச் சின்னச் சுத்தியால் டொக் டொக்கென்று தட்டி எடுப்பார்கள். ஒரு நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். சாயங்காலம் திரும்பும்போது புருவம், தலைமுடி, சேலை முந்தானை எல்லாம் வெள்ளை. அந்தக் கல்லைச் சூளையில் 1,700 டிகிரி வரை சுட்டுத்தான் உருக்காலைகளின் உலைக்கு உட்சுவர்ச் செங்கல் செய்கிறார்கள்.

மியூசியம் கட்ட அரசாங்கம் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவிலேயே அந்தச் சுத்தியைப் பிடித்த பாட்டிகள் இருப்பார்கள். போனில் பதிவு செய்யுங்கள். எந்தக் கல்லுக்கு என்ன பெயர், எத்தனை கூடைக்கு எவ்வளவு கூலி, மேஸ்திரி எப்படி ஏமாற்றினார், எல்லாவற்றையும் கேளுங்கள். சுத்தி வீட்டில் இருந்தால் காயலான் கடைக்குப் போவதற்குள் வாங்கி வையுங்கள். குழிக்குள் மட்டும் இறங்காதீர்கள், தண்ணீர் நிற்கிறது, ஓரம் சரியும்.

கேள்வி: மூடிய மளிகைக் கடையிலிருந்து பழைய இரும்பு எடைக்கற்கள் கிடைத்தன. அடியில் ஒரு துளை, அதில் வெள்ளி மாதிரி மெத்தென்ற உலோகம், மேலே முத்திரை. வெள்ளியா? (லீ பஜாரிலிருந்து ஒரு வாசகர்)

காரீயம். கல் எடை சரியாக வரும்வரை அந்தத் துளையில் ஈயத்தைக் கூட்டிக் குறைத்து, எடையளவு ஆய்வாளர் அதன் மேல் முத்திரை அடிப்பார். மெத்தென்று இருப்பதால் முத்திரை நன்றாகப் பதியும், யாராவது நோண்டினால் உடனே தெரிந்துவிடும். முத்திரையில் வருடம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளி என்று நினைத்து ஏற்கெனவே நோண்டியிருந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.