இயற்கைக்கும் பொருட்களுக்கும் மனித உணர்வை ஏற்றி எழுதும்போது செயற்கையாகத் தெரிவது ஏன்?

கேட்டவர் திருகோணமலையில் உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் படிப்பவர். ‘கடல் அழுதது’, ‘காற்று கோபித்தது’ என்று தான் எழுதினால் ஆசிரியர் கோடு போட்டு வெட்டுகிறார், பழைய பாட்டில் வந்தால் மட்டும் அணி என்கிறார், ஏன் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

உங்கள் வரியில் கடல் எதையும் செய்யவில்லை. குறை அங்கேதான். இப்படி எழுதுவதற்குத் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர். அதற்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் தரும் விதியில் ‘இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று’ என்று ஒரு பகுதி வரும். இயல்பாக நடப்பது ஒன்று கண்முன் இருக்க வேண்டும். கவிஞர் அதற்குத் தம் குறிப்பாக வேறொரு காரணத்தை ஏற்ற வேண்டும். இயல்பைக் காட்டாமல் குறிப்பை மட்டும் எழுதினால் வாசகருக்குப் பிடிமானம் கிடைக்காது.

மதிற்கொடியைப் பாருங்கள். காற்றில் அசைவது அதன் இயல்பு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது அந்தக் கொடிகள் ‘வாரல் என்பனபோல்’, அதாவது வரவேண்டாம் என்பதுபோல், மறித்துக் கை காட்டுகின்றன. கம்பராமாயணத்தில் இராமன் மிதிலைக்குள் நுழையும்போது கொடிகள் ‘ஒல்லை வா’, விரைந்து வா, என்று அழைக்கின்றன. அசைவு ஒன்றுதான், பொருள் நேர் எதிர். கொடிக்கு இந்த உணர்வு எங்கிருந்து வந்தது? வருகிறவருக்கு நேரப்போவது என்ன என்று வாசகருக்குத் தெரியும். கவிஞர் அதைத்தான் கொடியின் மேல் ஏற்றுகிறார். ஆகவே எழுத உட்கார்ந்ததும் ‘இந்தப் பொருளுக்கு என்ன உணர்ச்சி?’ என்று யோசிக்காதீர்கள். பார்ப்பவர் யார், அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை முடிவு செய்யுங்கள்.

உங்கள் ஊர்க் கச்சான் காற்றை எடுத்துச் செய்து பார்க்கலாம். அது உண்மையில் செய்கிற மூன்று நான்கு காரியங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும், இலையைச் சுருட்டும், முற்றத்து மணலை அள்ளி அடிக்கும், கொளுவாத படலையை, அதாவது பூட்டாத வாசற்கதவை, திறந்து திறந்து மூடும். இந்தப் பட்டியலில் உணர்ச்சிச் சொல் ஒன்றும் வரக்கூடாது. பிறகு பார்ப்பவரைத் தீர்மானியுங்கள்: வெளிநாடு போன மகனிடமிருந்து செய்தி வராத ஒரு தாய் என்று வைப்போம். பட்டியலில் அவள் செய்கையோடு ஒத்துப்போவது எது? படலைதான். முதல் வரைவில் ‘போல’ போட்டு, உணர்ச்சியையும் சொல்லியே எழுதுங்கள்: ‘மகனைத் தேடும் தாய்போலக் கச்சான் ஏக்கத்தோடு படலையைத் திறந்தது.’ அடுத்த வரைவில் ‘ஏக்கத்தோடு’ போகட்டும். அதற்கடுத்து உவமையும் போகட்டும். ‘கச்சான் படலையைத் திறந்து பார்க்கிறது. யாரும் இல்லை என்று மூடுகிறது. மறுபடி திறக்கிறது.’ தாய் திண்ணையில் இருக்கிறாள் என்று முன் வரியிலேயே சொல்லியிருந்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதே காற்று, கடன்பட்டவர் வீட்டில் என்றால் படலையைத் தட்டிக்கொண்டே நிற்கும்.

உணர்ச்சிச் சொல்லை நீக்குவதற்குப் பலரும் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம், வினைச்சொல் பாரத்தைச் சுமக்கும். சம்பந்தர் உங்கள் ஊர்க் கோணேசர் கோயிலைப் பாடிய பதிகத்தில் ‘குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்’ என்கிறார். கடல் மகிழ்ந்தது, வணங்கியது என்ற பேச்சே இல்லை. ஆனாலும் கோணமலையின் அடியில் கடல் முத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற காட்சியில் ஒரு பணிவு தெரிகிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்ற கதை அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கிறது. துக்கம் அதிலேயே உண்டு. அதன்மேல் ‘கிணறுகள் சுடுகண்ணீர் விடுகின்றன’ என்று வைத்தால் சொன்னதையே திரும்பச் சொன்னதாகிவிடும். ஏழும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் சூடு ஒன்றுக்கொன்று வேறுபடுகிறதே, அதைப் பிடித்தால் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

இன்னொன்று, அளவு. சிறு கவிதைக்கு ஒரு பொருள் போதும். நிலா சிரித்து, மரம் தலையாட்டி, அலை ஓடிவந்து தழுவினால் எதன்மேலும் கண் நிற்காது.

பரீட்சையில் அணியை விளக்கும்போது இயல்பாக நடப்பதையும் ஏற்றிய குறிப்பையும் தனித்தனி வாக்கியத்தில் எழுதுங்கள். ‘கொடி வரவேண்டாம் என்றது’ என்று நிறுத்தினால் விளக்கம் பாதிதான். காற்றில் அசைந்ததையும் சொல்ல வேண்டும்.

கடைசியாகத் திணை, அதாவது உயர்திணையா அஃறிணையா என்பது. இதைக் கவனிப்பவர்கள் குறைவு. சிலப்பதிகாரத்தில் வையை ‘கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி’ப் போகிறாள். ஆறு எப்படிக் ‘கரந்தனள்’ ஆனது? முன்னாலேயே அதைக் ‘குலக்கொடி’ என்று பெண்ணாக்கி, பூவாடையும் போர்த்திவிட்டார் கவிஞர். நீர் தெரியாதபடி ஆற்றைப் பூ மூடியிருப்பது இயல்பு; கண்ணீரை மறைக்கப் போர்த்தினாள் என்பது ஏற்றிய குறிப்பு. இந்த முன்வேலை இல்லாமல் திடீரென்று ‘கடல் அழுதாள்’ என்றால் காதில் இடறும். பெண்ணாக்கிவிட்டால் முடிவு வரை ‘ஆள்’ விகுதியை விடாதீர்கள். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால் அஃறிணையாகவே விடுங்கள். ‘திறந்து பார்க்கிறது’ என்பதில் ஒரு குறையும் இல்லை.