கொம்பியூட்டரில் கேம் ஆடுபவர் வீட்டுக்குக் கொன்சோல் வந்தால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (கல்லடி): பல வருடமாகக் கொம்பியூட்டரில்தான் விளையாடுகிறேன். கிராபிக்ஸ் கார்ட் பழசாகிவிட்டது. அதை மாற்றுகிற காசுக்கு பிளேஸ்டேஷன் 5 ஒன்றை எடுத்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். எடுத்தால் எனக்கு எதெல்லாம் புதிதாக இருக்கும்?

பதில்: கடைக்குப் போகுமுன் நீங்கள் உண்மையில் விளையாடும் கேம்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் டோட்டா 2, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மட்டும்தான் இருந்தால் காசைக் கிராபிக்ஸ் கார்ட்டுக்கே போடுங்கள். அந்த இரண்டும் கொன்சோலுக்கு (பிளேஸ்டேஷன் போல ரிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டிக்கு) வரவில்லை. வலொரன்ட் 2024இல் வந்தது. ஆனால் கொன்சோலில் அதற்கு மவுஸும் கீபோர்ட்டும் வேலை செய்யாது, கொம்பியூட்டரில் இருக்கும் நண்பர்களோடு ஒரே ஆட்டத்தில் சேரவும் முடியாது. கொம்பியூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் பிளேஸ்டேஷனுக்கு வராது, திரும்ப வாங்க வேண்டும்.

ஃபிஃபா வகைக் கால்பந்து, கார் ஓட்டம், கதை நகர்த்தும் பெரிய கேம்கள் என்றால் கொன்சோல் தாராளமாகப் போதும். டிரைவர் புதுப்பிப்பு, செட்டிங்ஸில் அரை மணி நேரம் குடைவது எல்லாம் இல்லை. பொத்தானை அமத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதற்குப் பழகியவர் திரும்பிப் போவது கடினம்.

உங்கள் கண்ணுக்கு முதலில் குத்தப்போவது 30 பிரேம், அதாவது விநாடிக்கு 30 படம். பல கேம்கள் படத்தின் தரத்துக்கு முன்னுரிமை கொடுத்து 30 பிரேமில்தான் திறக்கும். 60இல் ஓடிப் பழகியவருக்கு அது இழுபடுவது போல இருக்கும். பெட்டியில் பழுது இல்லை. செட்டிங்ஸில் 'சேவ்ட் டேட்டா அண்ட் கேம்/ஆப் செட்டிங்ஸ்', அதற்குள் 'கேம் பிரிசெட்ஸ்' என்று போய் 'பெர்ஃபோமன்ஸ் மோட்' என்று ஒருமுறை வைத்துவிட்டால், அந்த வசதியை ஏற்கும் கேம்கள் அதன்படி திறக்கும். மற்றவற்றில் கேமின் மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டும். ரிவியில் 'கேம் மோட்' போடாவிட்டால் பொத்தானை அமத்திச் சற்றுப் பிந்தித்தான் திரையில் அசைவு வரும். கொன்ட்ரோலர் சரியில்லை என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ரிவி வாங்காமல் பழைய மொனிட்டரிலேயே போடலாம், எச்டிஎம்ஐ வாசல் இருந்தால். டிஸ்பிளே போர்ட் இந்தப் பெட்டியில் கிடையாது. 1440பி தெளிவை 2022 செப்டெம்பரிலிருந்து ஏற்கிறது. ஆனால் மொனிட்டரில் ஃபிரீசிங்க் (கேமின் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றும் ஒரு வசதி) இருக்கிறது என்பதை நம்பி எடுக்காதீர்கள். அதே வேலைக்குப் பிளேஸ்டேஷன் 5க்குத் தேவை எச்டிஎம்ஐ 2.1 வழியாக வரும் விஆர்ஆர். மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லையா? கொன்ட்ரோலரின் அடியில் உள்ள 3.5 மில்லிமீற்றர் துளையில் சாதாரண வயர் ஹெட்செட்டைச் செருகுங்கள். போனுக்குப் பாவிக்கும் புளூடூத் இயர்போன் இதில் நேரடியாக இணையாது. கையில் நல்ல புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு எரிச்சல் ஊட்டும் விஷயம் இது.

இன்னொன்று: கொம்பியூட்டரில் இணையத்தில் சேர்ந்து ஆடுவதற்குத் தனிக் கட்டணம் கட்டிப் பழக்கம் இருக்காது. இங்கே காசு கொடுத்து வாங்கிய கேமில் மற்றவர்களோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேம்களுக்கு வேண்டாம். ஃபோர்ட்நைட்டும் கோல் ஒஃப் டியூட்டியும் யூஎஸ்பி மவுஸையும் கீபோர்ட்டையும் ஏற்கின்றன. பெரும்பாலானவை ஏற்பதில்லை. ஆகவே சுடும் கேம்களில் முதல் இரண்டு கிழமை தோற்றுக்கொண்டேதான் இருப்பீர்கள். குறி வைக்கும் வேகத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): வீட்டில் 4ஜி றூட்டர்தான், மாதத்துக்கு இத்தனை ஜீபி என்ற கணக்கு. டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் எடிஷன் விலை குறைவு. அதை எடுக்கலாமா?

பதில்: உங்கள் நிலைமைக்கு வேண்டாம். டிஸ்க் போடும் பெட்டியை எடுங்கள். 100 ஜீபி கேம் ஒன்று 20 எம்பிபிஎஸ் வேகத்தில் இறங்க 11 மணித்தியாலம் பிடிக்கும், டேட்டா போவது வேறு. டிஸ்க் வாங்கினாலும் புதுப்பிப்புகள் இறங்கத்தான் செய்யும், கேமும் உள்ளே பதிந்து அதே அளவு இடத்தைப் பிடிக்கும். ஆனாலும் பெரும்பகுதி டிஸ்கிலிருந்தே ஏறிவிடும், ஆடி முடித்த பின் விற்கவும் மாற்றவும் முடியும். ஸ்டீமில் இந்த வசதி கிடையாது.

பின்னர் வந்த மெலிந்த 'ஸ்லிம்' மொடலின் டிஜிட்டல் எடிஷனை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பூட்டலாம். முதல்முறை பூட்டும்போது இணையம் இருக்க வேண்டும்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவையுங்கள். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் தரவிறக்கத்தை நள்ளிரவுக்குப் பின் தொடக்கிவிட்டு 'ரெஸ்ட் மோட்'டில் (முழுதாக அணையாத தூக்க நிலையில்) விடுங்கள். 'பவர் சேவிங்' பகுதியில் 'ஸ்டே கனெக்டட் டு த இன்டர்நெட்' திறந்திருந்தால்தான் அந்த நிலையில் இறங்கும்.

இடப்பற்றாக்குறை சீக்கிரமே வரும். 2020இல் வந்த முதல் மொடலில் 825 ஜீபி என்று போட்டிருந்தாலும் பாவிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 667 ஜீபி. மைக்ரோசொஃப்ட்டின் கொன்சோலான எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் 512 ஜீபி மொடலில் 364 ஜீபிதான். பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிளேஸ்டேஷன் 5 கேமை வைத்திருக்கலாம், அதிலிருந்து ஓட்ட முடியாது. பிளேஸ்டேஷன் 4 கேம்கள் ஓடும். உள்ளே பூட்டுவதற்கு என்விஎம்இ எம்.2 எஸ்எஸ்டி (மெல்லிய பட்டை வடிவச் சேமிப்பகம்) வேண்டும்: பிசிஐஇ 4ஆம் தலைமுறை, வாசிப்பு வேகம் விநாடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல், சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கோடு சேர்த்து உயரம் 11.25 மில்லிமீற்றருக்குள். கொம்பியூட்டருக்கு வாங்கிய 3ஆம் தலைமுறை எஸ்எஸ்டியைக் கழற்றிப் போட நினைக்காதீர்கள், ஏற்காது. ஹீட்சிங்க் உயரத்தைக் கவனிக்காமல் வாங்கி மூடி பூட்ட முடியாமல் திண்டாடுகிறவர்களும் உண்டு.

கேள்வி (கல்முனை): தம்பி கட்டாரிலிருந்து லீவில் வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறார். மகனுக்குத்தான். இங்கே வேலை செய்யுமா, வொறண்டி கிடைக்குமா?

பதில்: கரண்ட் பற்றிப் பயப்படத் தேவையில்லை. அங்கு விற்கும் பெட்டி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், கட்டாரின் சதுர முள் மூன்று பின் பிளக் இங்குள்ள 13 அம்பியர் பிளக் பொயின்ற்றில் அப்படியே போகும். வொறண்டி மட்டும் வாங்கிய பிராந்தியத்துக்கு உரியது. பழுதானால் தம்பி திரும்ப எடுத்துப் போக வேண்டும். பற்றுச்சீட்டை அவரையே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். லீவு முடிந்து போகுமுன் பெட்டியைத் திறந்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

சிக்கல் கணக்குத் திறக்கும்போதுதான். பிளேஸ்டேஷனின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டைக் காட்டிக் கணக்குத் திறக்கிறார்கள். இது சோனி நிறுவனத்தின் விதிகளோடு முழுதாக ஒத்துப்போகிற வழி அல்ல என்பதைத் தெரிந்து செய்யுங்கள். ஒருமுறை தெரிவுசெய்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. அமெரிக்கக் கணக்குக்கு அமெரிக்கக் கிஃப்ட் கார்ட்தான், டுபாய் கணக்குக்கு டுபாய் கார்ட்தான் ஏறும். டிஸ்க் எந்த நாட்டில் வாங்கியது என்றாலும் ஓடும். ஆனால் அந்தக் கேமுக்கு மேலதிகமாக வாங்கும் பகுதிகள் டிஸ்க்கின் பிராந்தியக் கணக்கில் வாங்கியவையாக இருக்க வேண்டும். தம்பி கட்டாரில் டிஸ்க்குகளும் வாங்கி வருகிறாரென்றால் கணக்கையும் அந்த நாட்டிலேயே திறப்பது சுலபம்.

கடைகளில் 'கேம் ஏற்றிய கணக்கு' என்று மலிவாக விற்பார்கள். ஒரே கணக்கைப் பலருக்கு விற்கும் வேலை அது. கணக்கின் சொந்தக்காரர் கடவுச்சொல்லை மாற்றினால் கேம் போய்விடலாம், முறையிடவும் இடம் இராது.

கேள்வி (வாழைச்சேனை): அடிக்கடி கரண்ட் போய்வருகிறது. இடி மின்னலும் உண்டு. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: முதல் மொடல் பிளேஸ்டேஷன் 5இன் மின்வழங்கி 350 வாட். கனமான கேம் ஓடும்போது 200 வாட் அளவில் இழுக்கும். 650 விஏ என்று விற்கும் யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே உரியது. ரிவியையும் அதிலேயே போட்டால் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. ஆனால் அந்தச் சில நிமிடத்தில் சேவ் செய்து ஒழுங்காக அணைத்துவிடலாம், அதுதான் தேவை. மழைக்காலத்தில் ரெஸ்ட் மோட்டில் விட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள். முழுதாக அணையுங்கள்.

கரண்ட் போய் வந்தபின் கேம்கள் மெனுவில் குழம்பினால் பெட்டியை அணைத்து, பவர் பொத்தானை அமத்திப் பிடித்து இரண்டாவது 'பீப்' கேட்டதும் (ஏழு விநாடியில் வரும்) விடுங்கள். கொன்ட்ரோலரை வயரால் இணைத்து 'ரீபில்ட் டேட்டாபேஸ்' என்பதைக் கொடுங்கள். கீழே இருக்கும் 'ரீசெட்' பக்கம் கை போகக்கூடாது, எல்லாம் அழிந்துவிடும்.

மின்னலுக்குப் பலர் பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள். அது பாதிதான். டிஷ் அல்லது அன்ரெனா வயரால் ரிவிக்குள் வரும் அதிர்ச்சி எச்டிஎம்ஐ வயர் வழியே கொன்சோலுக்கும் போகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் வானம் இருட்டினால் பிளக், டிஷ் வயர், றூட்டரிலிருந்து வரும் லான் வயர் மூன்றையும் கழற்றுங்கள்.

கடலும் வாவியும் பக்கத்தில் இருப்பதால் உப்புக் காற்றில் வாசல்களின் உலோகம் பச்சை பிடிக்கும். கிழமைக்கு ஒருமுறையாவது ஓட்டுங்கள். பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்க வேண்டாம். சூடான பெட்டிக்குள் கரப்பானும் எறும்பும் குடியேறும், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் விரைவாக.

கேள்வி (களுவாஞ்சிகுடி): பாவித்த பெட்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: விற்பவர் வீட்டிலேயே ரிவியில் போட்டுக் கனமான கேம் ஒன்றை அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். தானாக அணைந்தாலோ சூடு கூடியதாக அறிவிப்பு வந்தாலோ எழும்பி வாருங்கள். எச்டிஎம்ஐ வயரை இலேசாக அசைத்துப் பாருங்கள், படம் விட்டு விட்டு வந்தால் வாசல் பழுது. டிஸ்க் ஒன்றை உள்ளே விட்டு வெளியே எடுங்கள். கொன்ட்ரோலரைத் தொடாமல் மேசையில் வைத்தால் கேமிலுள்ள ஆள் நடக்கக் கூடாது. நடந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது, அந்தக் காசைக் குறைத்துப் பேசுங்கள். கடைசியாக அவர் கணக்கை நீக்கி முன்னாலேயே முழு ரீசெட் கொடுக்கச் சொல்லுங்கள். பின் உங்கள் கணக்கில் நுழைந்து இணையத்தில் சேருகிறதா என்று பாருங்கள். சோனி தடைசெய்த பெட்டி என்றால் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி (காத்தான்குடி): கடையில் பற்றுச்சீட்டுத் தர மறுக்கிறார்கள்.

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். அதில் தொடரிலக்கத்தையும் வொறண்டிக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். முறைப்பாட்டுக்கு அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்தில் கொடுப்பதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.