குப்பைக் கிடங்கு அருகே கெட்டுப்போன ஆழ்துளைக் கிணறு: நகராட்சி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டி நகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. இரண்டு வருடமாக போர்வெல் தண்ணீர் பழுப்பு நிறத்தில், நாற்றத்தோடு வருகிறது. மோட்டார் அறையைத் திறந்தால் மூச்சு முட்டுகிறது. தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் குளோரைடும் அம்மோனியாவும் அதிகம் என்று வந்தது. புகார் கொடுத்தால், "உங்கள் வீட்டு செப்டிக் டேங்க்தான் காரணம்" என்று நகராட்சி பதில் எழுதிவிட்டது. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சட்டத்துக்கு முன்னால் ஒரு விஷயம். அந்த மோட்டார் அறையில் தீக்குச்சி உரசாதீர்கள், சுவிட்சையும் வெளியே மாற்றி வையுங்கள். குப்பையிலிருந்து வரும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நாற்றம் குறைந்துவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. 1986-இல் இங்கிலாந்தின் லாஸ்கோ என்ற ஊரில் பக்கத்துக் கிடங்கிலிருந்து மண்ணுக்குள் பரவி வந்த வாயு வெடித்து ஒரு வீடே தரைமட்டமானது. அன்று காற்றழுத்தம் சட்டென்று இறங்கியிருந்தது. அழுத்தம் குறையும்போதும், மழையில் மேல்மண்ணின் துளைகள் அடைபடும்போதும் வாயு பக்கவாட்டில் வீடுகளை நோக்கி நகரும். அதனால் ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு "வாயு இல்லை" என்று யார் அறிக்கை கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

இனி தண்ணீர். செப்டிக் டேங்கிலிருந்தும் குளோரைடு, அம்மோனியா வரும். அதனால்தான் நகராட்சியால் அப்படிப் பதில் எழுத முடிந்தது. உங்கள் கையில் இருக்கும் அறிக்கை தண்ணீர் கெட்டிருப்பதைச் சொல்கிறது; யார் கெடுத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. வழக்கின் உயிர்நாடி அதுதான்.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்தால் நிலத்தடி நீர் வல்லுநர் சொல்லிவிடுவார். பிறகு, நீரோட்டத்தில் கிடங்குக்கு முன்னால் இருக்கும் வீடுகளிலும், தாண்டி இருக்கும் வீடுகளிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். செப்டிக் டேங்க் இரண்டு பக்கமும் இருக்கும். முன்பக்கத் தண்ணீர் சுத்தமாகவும் பின்பக்கத் தண்ணீர் கெட்டும் இருந்தால் நகராட்சியின் வாதம் நிற்காது. காரணத்தைப் பிரித்தறிய பொட்டாசியம், போரான், கன உலோகங்கள், சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவின் அளவைக் காட்டும் சோதனை), மலக்கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே வந்து மாதிரி எடுக்கட்டும். குழாயில் தேங்கிய தண்ணீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பாட்டிலில் சீல், தேதி, நேரம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கட்டும். நாமே பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரியை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.

இதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு போடுங்கள். கிடங்கைச் சுற்றி 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைப் பருவந்தோறும் சோதிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின் அட்டவணையிலேயே இருந்தது. அந்த அறிக்கைகளின் நகலைக் கேளுங்கள். "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். சோதிக்கவே இல்லை என்பதற்கு அவர்களே கொடுக்கும் சாட்சி அது. பலருக்குத் தெரியாத ஒன்று: தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு பணிகளை நேரில் பார்வையிடவும், சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது.

வழக்குப் போட வேண்டியது, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டத்தில், சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14-ஆவது பிரிவில் கெடு 6 மாதம்தான். இரண்டு வருடம் ஓடிவிட்ட உங்களுக்கு அது சிக்கல். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15-ஆவது பிரிவில் 5 ஆண்டு அவகாசம் உண்டு. பாதிப்பு முதலில் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதால் பழைய புகார் மனு, ஒப்புகை ரசீது, எதையும் தொலைக்காதீர்கள். கட்டணம், கேட்கும் இழப்பீட்டில் 1 சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய்.

சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் இந்தத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. தனியார் ஆய்வக அறிக்கையையும் பார்ப்பார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு கட்டாயமாக்குகிறது. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைகள் கிணறுகளைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையைத்தான் கையில் எடுத்தது.

மனுவில் இழப்பீட்டை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கூட்டுக்குழு அமைத்து கண்காணிப்புக் கிணறுகளும், மண்ணுக்குள் பரவும் வாயுவை அளக்கும் குழாய்களும் போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் அளக்க உத்தரவு கேளுங்கள். அந்தச் செலவை நகராட்சி ஏற்க வேண்டும் என்றும் எழுதுங்கள். வழக்கு முடியும்வரை உங்கள் தெருவுக்குக் குடிநீர் லாரி விட இடைக்கால உத்தரவு கேட்டுத் தனி மனு ஒன்றை அதே நாளில் தாக்கல் செய்யுங்கள். பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.